நீடித்து உழைக்கும் தரை ஓடுகள்



சென்ற பள்ளி விடுமுறையில், சிங்கப்பூரின் கிளமெண்டி வட்டாரத்தில் உறவினர் இல்லமொன்றில் தங்கியிருந்தோம். 1970களின் பிற்பகுதியில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் எழுப்பிய அடுக்குமாடி வீடு அது. கூடத்துப் பழைய தரை ஓடுகள் இன்றும் உறுதி குன்றாதிருந்தன. அறையில் அண்மையில் பதித்தவையோ கூரைபோல் மேலெழும்பி நின்றன. பழையவை நிலைக்க, புதியவை பெயர்ந்தது ஏன்?

ஓட்டின்மீது குற்றமில்லை. களிமண்ணை அழுத்தி வார்த்து, 1,000 பாகை செல்சியசுக்கும் மேற்பட்ட வெப்பத்தில் சுடும்பொழுது, அது நீரில் கரையாத கல்லாகிறது. பீங்கான் வகை ஓடு தன் எடையில் நூற்றில் அரைப்பங்கு நீரைக்கூட உறிஞ்சுவதில்லை. சுடாத ஓடுகளும் உண்டு. காரைக்குடிக்கு அருகிலுள்ள ஆத்தங்குடியில் கண்ணாடித் தகட்டின்மீது வண்ணக் கலவையை ஊற்றி, மணலும் சிமெண்டும் இட்டு, நீரில் ஊறவைத்து ஓடு செய்கின்றனர். செட்டிநாட்டு இல்லங்களில் தலைமுறைகள் பல நடந்தும் அவை பொலிவுடன் விளங்குகின்றன.

பெயர்ந்த ஓடொன்றைப் புரட்டிப் பார்த்தோம். நடுவில் மட்டுமே சிமெண்டுக் கலவை ஒட்டியிருந்தது; ஓரங்கள் வெறுமை. ஓடும் அதன் கீழுள்ள கான்கிரீட்டும் வெப்பத்தில் விரிந்து குளிரில் சுருங்குவன; ஆயினும் ஒரே அளவில் அன்று. இடைவெளியின்றி நெருக்கிப் பதித்தால் ஓடுகள் ஒன்றையொன்று தள்ளி மேலெழும்பும். 2018 சனவரியில் சிங்கப்பூரில் மழையும் குளிரும் நீடித்தபோது பல வீடுகளில் இவ்வாறே நேர்ந்தது.

பல்லாண்டு உழைத்துச் சேர்த்த பணத்தில் வீடு கட்டும் நம்மவர் இவற்றை மனத்திற்கொள்ள வேண்டும்: ஓட்டின் அடிப்புறம் முழுவதும் கலவை படிய வேண்டும்; ஓடுகளுக்கிடையிலும் சுவரோரத்திலும் இடைவெளி விடவேண்டும். வேலை முடிந்ததும், பணம் கொடுக்குமுன், ஒவ்வோர் ஓட்டையும் நாணயத்தால் தட்டிப் பாருங்கள். வெற்றொலி எழுந்தால் அடியில் வெற்றிடம் உண்டு. வேலைக்காட்டிலிருந்து காலணியில் வரும் மணல், ஓட்டின் மெருகைக் கீறும். ஆதலின் நாள்தோறும் கூட்டுக. அமிலம் ஊற்றிக் கழுவற்க. அஃது இடைவெளியில் நிரப்பிய சிமெண்டை அரித்துவிடும்.

மாணவர்களே! கண்ணுக்குத் தெரியும் மெருகு அன்று, தெரியாத அடித்தளமே ஓட்டைக் காக்கிறது. தொடக்கப்பள்ளியில் நீங்கள் கற்கும் எழுத்தும் எண்ணும் அத்தகையனவே. இடையே வெற்றிடம் விடாது கற்பீராக!