கல்லீரலில் சீழ்க்கட்டி

கல்லீரலில் சீழ் கோத்துக்கொண்டது என்றால், நம் நாட்டில் முதலில் ஐயத்திற்குள்ளாவது சீதபேதியை விளைவிக்கும் அமீபாவேயாகும். இவ்வையம் பெரும்பாலும் பொய்ப்பதில்லை. ஆயினும் பாக்டீரியாக்களாலும் அங்குக் கட்டி உண்டாகும். அமீபாவுக்குரிய மருந்தை மட்டும் கொடுத்துக் காத்திருப்பின் அத்தகைய நோயாளியின் உயிருக்கே அபாயம் நேரிடலாம்.

1938-இல் அமெரிக்க அறுவை மருத்துவர் ஆக்ஸ்னரும் அவருடைய துணைவர்களும் இந்நோயை ஆராய்ந்தபோது, குடல்வால் அழற்சியே அதற்கு முதன்மையான காரணமாயிருந்தது. கிருமிகள் குடலினின்று போர்ட்டல் சிரை வழியே கல்லீரலை அடைந்தன. குடல்வாலை உரிய காலத்தில் அகற்றும் வழக்கம் பரவியபின், பித்தநாளத்தைக் கல்லோ புற்றோ அடைத்துக்கொள்வது பெருங்காரணமாயிற்று. எஷெரிக்கியா கோலை, ஸ்ட்ரெப்டோகாக்கஸ், காற்றின்றி வாழும் பாக்டீராய்டிஸ் ஆகியவை இக்கட்டிகளில் பெரிதும் காணப்படுவன. பல இனங்கள் கலந்திருப்பதும் உண்டு. கிளெப்சியெல்லா நிமோனியே தனித்து நின்றே கட்டியை உண்டாக்கவல்லது என்பது 1980-க்குப்பின் தைவானில் நீரிழிவுடையோரிடம் மிகுதியாகக் காணப்பட்டது. அது கண்ணுக்குப் பரவிப் பார்வையையே பறித்துவிடுதலும் உண்டு.

குளிர் நடுக்கத்துடன் காய்ச்சல், வலது விலாவின் கீழ் வலி, பசியின்மை, உடல் மெலிவு ஆகியவை இந்நோயின் குறிகள். காமாலை சிலருக்கே தோன்றும். முதியோரிடம் வலி சிறிதுமின்றிக் காய்ச்சல் மட்டும் வாரக்கணக்கில் நீடிக்கலாம். இவர்களிடந்தான் நோய் பெரும்பாலும் தவறவிடப்படுகிறது. அல்ட்ராசவுண்ட் சோதனையால் கட்டியைக் காணலாமேயன்றி, அதனை விளைவித்த கிருமியை அறிய இயலாது. ஆகையால் ஊசியால் சீழை உறிஞ்சியெடுத்து, கூடுமானவரை மருந்து தொடங்குமுன் எடுத்த இரத்தத்துடன் வளர்ப்புச் சோதனைக்கு அனுப்புதல் வேண்டும். அமீபாக் கட்டியின் சீழ் பெரும்பாலும் பழுப்பு நிறமாய் நாற்றமின்றி இருக்கும். துர்நாற்றம் வீசுமாயின் காற்றின்றி வாழும் கிருமிகளை எண்ணவேண்டும்.

வளர்ப்புச் சோதனையின் அவசியத்தை மீலியாய்டோசிஸ் என்னும் நோய் நன்கு காட்டுகிறது. பர்மா இந்தியாவுடன் சேர்ந்திருந்த காலத்தில், ரங்கூனில் ஆல்பிரெட் விட்மோரும் அவருடைய உதவியாளர் சி. எஸ். கிருஷ்ணஸ்வாமியும் இதனைக் கண்டறிந்து 1912-இல் வெளியிட்டனர். இக்கிருமி ஈர மண்ணிலும் நீரிலும் வாழ்வது. மழைக்காலத்தில் வயலில் உழைப்போரை, சிறப்பாக நீரிழிவுடையோரைப் பற்றும். கல்லீரலில் தேன்கூடு போன்ற கட்டிகளை உண்டாக்கும். இதற்கு ஜென்டாமைசின் பெரும்பாலும் பயன்படாது. செஃப்டாசிடிம் அல்லது மெரோபெனம் இரண்டு வாரமேனும் சிரைவழி செலுத்தி, அதன்பின் மாதக்கணக்கில் கோட்ரைமாக்சசோல் உட்கொள்ளுமாறு செய்தல் வேண்டும். சோதனைச் சாலையில் இதனைத் தற்செயலாகக் கலந்த கிருமி என்றெண்ணித் தள்ளிவிடும் பிழையும் நேர்வதுண்டு.