இலத்திரனியல் ஆவணத் தேடலும் அத்தொழில் புரிவோர் பெறும் இன்பமும்

வழக்கென்றதும் பலர் மனக்கண்முன் எழுவது, கறுப்பங்கி அணிந்து மன்றில் நின்று சொற்போர் புரியும் சட்டத்தரணியின் தோற்றமே. ஐக்கிய அமெரிக்காவிலோ, குடியியல் வழக்குகளுள் மிகப் பெரும்பாலானவை விசாரணைக்கு வருமுன்னரே முடிவெய்துகின்றன. அவற்றின் போக்கைப் பெரிதும் நிர்ணயிப்பது, விசாரணைக்கு முற்பட்ட ஆவண வெளிப்படுத்துகை என்னும் படியாகும். அங்கே 1938 இல் நடைமுறைக்கு வந்த கூட்டாட்சிக் குடியியல் நடவடிக்கை விதிகளின்படி, வழக்கோடு தொடர்புடைய ஆவணங்களை ஒரு கட்சி கேட்குமிடத்து மறு கட்சி கொடுத்தல் வேண்டும். தனக்குத் தீங்கு விளைக்கும் ஆவணத்தையும் தானே எடுத்துக் கொடுத்தல் வேண்டும் என்பதே இதன் சிறப்பு. கடதாசி பெட்டிகளில் அடங்கியிருந்த காலம் போய்க் கணினி வந்தபின், தேடும் இடம் கடல்போல் விரிந்தது. 2006 இல் விதிகள் திருத்தப்பட்டபோது, இலத்திரனியல் முறையிற் சேமிக்கப்பட்ட தகவல்களும் அவற்றுள் வெளிப்படையாகவே சேர்க்கப்பட்டன.

இக்கடலுள் இறங்கித் தேடுவோர் இன்று ஒரு தனித் தொழிற் கூட்டத்தினர். சட்டம் பயின்றோர், கணினி வல்லார், புள்ளிவிபரவியலார், நூலகத்துறையிலிருந்து வந்தோர் எனப் பல திறத்தாரும் அவருள் உளர். புறத்தே நிற்பவர்க்கு இது சலிப்புத் தரும் எழுதுவினைஞர் வேலையாகவே தோன்றும். எனினும் இதனுட் புகுந்தோர் பலர் இதை விட்டு நீங்க மனங்கொள்வதில்லை. காரணம் யாது?

முதலாவது, தேடல் என்பது தோற்றமளிப்பதுபோல் எளிதன்று. 1985 இல் பிளெயர், மரோன் என்னும் அறிஞர் இருவர் வெளியிட்ட ஆராய்ச்சி இதனை நன்கு விளக்கும். ஒரு பெரு வழக்கிற்குரிய ஏறத்தாழ 40,000 ஆவணங்கள், அஃதாவது 350,000 பக்கங்கள், கணினியில் இடப்பட்டிருந்தன. வழக்கை நடத்திய சட்டத்தரணிகள் தமக்கு வேண்டியவற்றுள் நூற்றுக்கு 75 பங்கையேனும் பெற்றுவிட்டதாக நம்பினர். கணக்கிட்டுப் பார்த்தபோது, அவர் பெற்றது ஏறத்தாழ 20 பங்கே எனத் தெரிந்தது. கணினி பிழைவிடவில்லை. பிழை மனித மொழியின் இயல்பிலிருந்தது. சட்டத்தரணிகள் ‘விபத்து’ என்ற சொல்லைக் கொண்டு தேடினர். அதற்குப் பொறுப்பாயிருந்தவர்களோ தம் கடிதங்களில் அதனை ‘நிகழ்ச்சி’ என்றும், ‘நிலைமை’ என்றும், ‘சிக்கல்’ என்றும் எழுதியிருந்தனர். தன் குற்றத்தைத் தானே அப்பெயரிட்டு அழைப்பவன் யார்? ஆகவே தேடுபவன், எழுதியவன் நெஞ்சினுட் புகுந்து, அவன் எச்சொல்லைக் கூசித் தவிர்த்திருப்பான், எச்சொல்லால் அதனைப் போர்த்திருப்பான் என்று ஊகித்தல் வேண்டும். கூட்டத்தார் தமக்குள் வழங்கும் குறியீட்டுப் பெயர், எழுத்துப் பிழை, சுருக்கக் குறி யாவும் கருத்திற் கொள்ளப்படல் வேண்டும். ஏட்டுச்சுவடியிற் பாடபேதம் ஆராய்ந்து மூலபாடம் காண முயல்பவர் அறியும் களிப்பு இவர்க்கும் உரியது.

இரண்டாவது, தேடிக் காணும் ஒரு சிறு மடல் ஒருவர் வாழ்வையே மாற்றவல்லது. நியூயோர்க் கூட்டாட்சி மன்றில் நிகழ்ந்த சூபுலேக் வழக்கு இதற்குச் சான்று. ஒரு பெரும் வங்கியிற் பங்கு விற்பனைத் துறையிற் பணியாற்றிய பெண்மணி ஒருவர், தாம் பெண்ணென்பதால் வேறுபாடு காட்டப்பட்டதாகவும், முறையிட்டதன் பேறாக விலக்கப்பட்டதாகவும் 2002 இல் வழக்குத் தொடர்ந்தார். வங்கி கொடுத்த மின்னஞ்சல்கள் ஏறத்தாழ 100 பக்கம். அவர் தம் கையில் வைத்திருந்தவையோ ஏறத்தாழ 450 பக்கம்! எஞ்சியவை எங்கே என்ற வினாவிலேயே வழக்கின் உயிர் தங்கியிருந்தது. நீதிபதி ஷைரா ஷைண்ட்லின் அம்மையார், காப்புப்பிரதி நாடாக்களுள் ஐந்தை மட்டும் முதலில் மீட்டெடுத்துப் பார்க்கும்படி கட்டளையிட்டார். அவ்வைந்திலிருந்தே தொடர்புடைய மடல்கள் ஏறத்தாழ 600 வெளிவந்தன. பேணவேண்டிய மடல்கள் சில அழிக்கப்பட்டமையும் தெளிவாயிற்று. அழிந்தவை வங்கிக்குப் பாதகமாயிருந்திருக்கும் என யூரர் கொள்ளலாம் என்று 2004 இல் அவர் தீர்த்தார். மறு ஆண்டு யூரர் அப்பெண்மணிக்கு அளித்தது 2 கோடியே 90 இலட்சம் டொலருக்குச் சற்று மேற்பட்ட தொகை. தனி ஒருத்தி பெரும் நிறுவனத்தோடு ஒத்த தரையில் நின்று பொருத முடிந்தது, நாடாவினுட் கிடந்த எழுத்துக்களை மீட்டோர் உழைப்பினாலன்றோ?

இவ்வழக்கிலே வெளிவந்த தீர்ப்புக்கள் அத்துறையினர்க்கு இலக்கணம்போல் ஆயின. துறையின் புதுமையும் ஒரு கவர்ச்சியே. நிலச் சட்டம் பயில்பவன் நூற்றாண்டுகளின் தீர்ப்புக்களுக்குப் பின்னே நடக்கிறான். இவரோ பாதை இடப்படும்போதே உடன் நடக்கின்றனர். நேற்று மின்னஞ்சல், இன்று கைத்தொலைபேசிச் செய்தி, ஒவ்வொன்றும் வரும்போது விதி எங்ஙனம் பொருந்தும் என்ற வினா புதிதாகவே எழுகின்றது.

தொழில்நுட்பத்திலும் வியப்புக்குக் குறைவில்லை. ஒவ்வொரு கோப்பிற்கும் கணித முறையால் ஒரு நீண்ட எண் கணிக்கப்படும். கோப்பில் ஒரு காற்புள்ளி மாறினும் அவ்வெண் முற்றிலும் மாறிவிடும். ஆவணம் திருத்தப்படவில்லையென மன்றிற் காட்டவும், ஒரே மடலின் நூறு பிரதிகளை ஒன்றாக ஒடுக்கவும் இது உதவும்.

இத்தொழிலில் துன்பம் இல்லையென்பது பொய். மணிக்கணக்கிற் கூலிபெற்றுத் திரைமுன் அமர்ந்து, பிறர் மதிய உணவுக்கு எங்குச் செல்வது எனப் பேசிய மடல்களை வாசித்துத் தள்ளுதல் எவர்க்கும் அலுப்பே. என்ரன் கம்பனியின் வீழ்ச்சிக்குப் பின், 2003 இல் அமெரிக்க வலுத்துறை ஒழுங்காக்க ஆணைக்குழு பொதுவில் வெளியிட்ட மடல்களுள் ஏறத்தாழ ஐந்து இலட்சம் இன்றும் ஆராய்ச்சியாளர் கைகளில் உள்ளன. அவற்றிலும் குடும்பச் செய்திகளும் வேடிக்கைப் பேச்சும் கலந்தே கிடக்கின்றன. பிறர் அந்தரங்கத்தைக் காணும் இவ்வேலை நாவடக்கம் இல்லாதார்க்கு ஏற்றதன்று.

இவ்வலுப்பை எந்திரம் குறைத்துள்ளது. 2012 இல் நீதிபதி அன்ட்ரூ பெக், கணினித் துணையுடன் ஆவணம் ஆய்தல் தகுந்த வழக்குகளில் ஏற்கத்தக்கதென முதன்முறையாகத் தீர்ப்பளித்தார். தேர்ந்த சட்டத்தரணி ஒருவர் ஒரு பகுதியை வாசித்து, வேண்டுவது இது, வேண்டாதது இது எனக் குறிப்பார். கணினி அதனைக் கற்று எஞ்சிய இலட்சங்களைத் தரம் பிரிக்கும். பிழைப்பு போய்விடுமோ என அஞ்சினோரும் இருந்தனர். ஆயின் எந்திரத்திற்கு ஆசிரியராயிருக்கும் வேலை முன்னையதினும் சுவையுடையது எனக் கண்டோர் பலர். மாணவன் சரியாகக் கற்றானா என்று அறியப் பரீட்சையும் உண்டு. வேண்டாதவையெனக் கணினி ஒதுக்கிய குவியலிலிருந்து எழுமாற்றாகச் சிலவற்றை எடுத்து மனிதரே மீண்டும் வாசிப்பர். தப்பிக் கிடந்த ஒரு மடல் அங்கே அகப்படுமாயின், பாடம் மறுபடியும் தொடங்கும்.