உங்களுக்குத் தெரியுமா? கொல்கத்தாவை முந்திய மலைவிளக்கு

1897இல் கொல்கத்தாதான் பிரிட்டிஷ் இந்தியாவின் தலைநகர். ஆனால் வங்காளத்தில் முதல் மின்நிலையம் அமைந்தது அங்கே இல்லை, டார்ஜிலிங் மலைச்சரிவில்!

1897 நவம்பர் 10 அன்று, தேயிலைத் தோட்டங்களுக்குக் கீழே சித்ராபோங்கில் இந்தியாவின் முதல் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. 65 கிலோவாட் எந்திரங்கள் இரண்டு, அவ்வளவுதான். மலை ஓடைகளின் தண்ணீரைக் குழாய்க்குள் திருப்பி, செங்குத்தாகக் கீழே பாயவிட்டார்கள். பாய்ந்த வேகத்தில் சக்கரம் சுழன்றது; மேலே டார்ஜிலிங் தெருவிளக்குகள் எரிந்தன. கரி வேண்டாம், புகை இல்லை. கொல்கத்தாவின் எமாம்பாக் சந்தில் அனல்மின் நிலையம் வந்தது 1899 ஏப்ரலில்தான்.

ஓர் ஊர் தனக்கு வேண்டிய மின்சாரத்தை அங்கேயே உண்டாக்கி, தன் சிறு மின்வலையில் பகிர்ந்துகொள்வதைத்தான் இன்று ‘மைக்ரோகிரிட்’ என்கிறோம். ஓடையை மட்டும் நம்பினால் ஒரு சிக்கல் உண்டு: மழைக்காலத்தில் பொங்கும் ஓடை, கோடையில் மெலிந்துவிடும். அதனால்தான் இன்று சில மலைக்கிராமங்களில் சூரியத் தகடும் பேட்டரியும் ஓடைக்குத் துணை நிற்கின்றன. சித்ராபோங்கின் 130 கிலோவாட்டை இன்றைய 10 வாட் எல்இடி பல்புகளுக்குக் கொடுத்தால், 13,000 பல்புகள் ஒரே நேரத்தில் எரியும். ஒரு மலையூருக்கு அது எவ்வளவு பெரிய வெளிச்சம்!