உஷார்! கடைக்காரர் சொல்லும் 26 உங்கள் அளவு இல்லை

ஜூன் மாதம் சைக்கிள் கடையில் காலை வைத்ததும் வரும் முதல் கேள்வி, "24-ஆ, 26-ஆண்ணே?" நாமும், "பையன் வளர்ந்துடுவான், 26-ஏ குடுங்க" என்று சொல்லிவிட்டு வருகிறோம். அந்த 26 வீலின் அளவு. பிள்ளையின் கால் நீளத்துக்கும் அதற்கும் நேரடிச் சம்பந்தம் கிடையாது. ஒரே 26 வீலில் குட்டை ஃப்ரேமும் உண்டு, நெட்டை ஃப்ரேமும் உண்டு. வேங்கிக்காலிலிருந்து திருவண்ணாமலை டவுனுக்கு வேலூர் ரோட்டில் பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவே அதில் தினமும் போகப்போவது யார் என்று யோசித்துவிட்டுப் பணத்தை எடுங்கள்.

அந்த 26-ம் ஒரே 26 இல்லை. 26 x 1⅜ என்று பின்னத்தில் எழுதியிருக்கும் வீலின் ரிம் 590 மில்லிமீட்டர். 26 x 2.10 என்று புள்ளி வைத்து எழுதியது 559. ஒன்றின் டயர் மற்றதில் ஏறாது. அவசரத்துக்கு டயர் வாங்கப் போகிறவர் பழைய டயரின் பக்கவாட்டு எழுத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டு போகவும்.

ஃப்ரேம் அளவு என்பது பெடல் அச்சின் நடுவிலிருந்து, சீட் பில்லர் நுழையும் குழாயின் மேல்முனை வரை உள்ள நீளம். நம் அப்பாக்கள் ஓட்டிய 28 இஞ்ச் வீல் கறுப்பு சைக்கிள்கள் 22, 24 இஞ்ச் ஃப்ரேம்களில் வந்தன. 22 என்றாலே 56 சென்டிமீட்டர். அதன் பார் தரையிலிருந்து 80 சென்டிமீட்டருக்கு மேல் நிற்கும். அரைக்கால் டவுசர் பையன்கள் பாருக்கு அடியில் காலை நுழைத்துக் குரங்குப் பெடல் போட்டதன் காரணம் இதுதான். இன்று அதை நினைத்து ரசிக்கிறோம். ஆனால் திடீர் பிரேக் போட்டு சீட்டிலிருந்து முன்னால் இறங்கும்போது கால் தரையைத் தொடுமுன் பார் வந்து இடிக்கிற இடம் எது என்று ஆண்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பாருக்கு இருபுறமும் பாதம் ஊன்றி நின்றால் மேலே இரண்டு விரற்கடையாவது இடைவெளி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எவ்வளவு தள்ளுபடி தந்தாலும் வேண்டாம்.

அளக்க ஐந்து நிமிடம் போதும். வெறுங்காலோடு சுவரில் முதுகைச் சாய்த்து நின்று, ஒரு நோட்டைக் கவட்டையில் சீட்டு மாதிரி அழுத்திப் பிடித்து, அதன் மேல்விளிம்பைச் சுவரில் பென்சிலால் குறியுங்கள். தரையிலிருந்து 75 சென்டிமீட்டர் என்றால் 0.66-ஆல் பெருக்க 49.5 வரும். நேர் பார் வைத்த சைக்கிளில் சுமார் 50 சென்டிமீட்டர் ஃப்ரேம் தேடலாம். பார் சாய்ந்து இறங்கும் எம்டிபி வகைக்கு இதைவிட இரண்டு மூன்று இஞ்ச் குறைவு. அதே 75-ஐ 0.88-ஆல் பெருக்கினால் 66. பெடல் அச்சிலிருந்து சீட்டின் மேல்பக்கம் வரை அவ்வளவு இருக்கட்டும். உட்கார்ந்தபடியே இரண்டு பாதமும் தரையில் அப்பியிருக்க வேண்டும் என்று சீட்டைத் தாழ்த்தி வைக்கிறோமே, அந்தப் பழக்கம்தான் முட்டியைக் கெடுக்கிறது.

இதைவிடப் பெரிய ஆபத்து, சின்ன ஃப்ரேமை வாங்கிவிட்டு சீட் பில்லரை உயர்த்திக்கொண்டே போவது. பில்லரில் ஒரு கோடு போட்டிருப்பார்கள். அது வெளியே தெரியவே கூடாது. கோடு இல்லாத பில்லர் என்றால் குறைந்தது இரண்டரை இஞ்ச் உள்ளே நிற்க வேண்டும். மீறினால் குழாய் விரியும், அல்லது வேகத்தடையில் ஏறி இறங்கும்போது பில்லர் முறியும். ஹேண்டில்பாரைத் தாங்கும் ஸ்டெம்முக்கும் இதே கோடு, இதே கண்டிப்பு.

குட்டையானவர்கள் 700சி வீல் வைத்த ஹைப்ரிட் வாங்கினால் இன்னொரு வம்பு உண்டு. ஒரு பெடலை முன்பக்கம் கிடைமட்டமாக நிறுத்தி, பாதத்தை வைத்து, ஹேண்டிலைத் திருப்பிப் பாருங்கள். ஷூ முனை மட்கார்டில் இடித்தால் அது உங்களுக்கான வண்டி இல்லை. வேகமாகப் போகும்போது ஹேண்டில் அவ்வளவு திரும்பாது, தெரியாது. பௌர்ணமியன்று கிரிவலக் கூட்டத்துக்குள் நடை வேகத்தில் வளைந்து வளைந்து போகும்போதுதான் கால் மாட்டும், ஆள் சாய்வார்.

அரசின் விலையில்லா சைக்கிள் 2001-02-ல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கு என்று தொடங்கி, 2005-06 முதல் மாணவர்களுக்கும் வந்தது. ஆண் பிள்ளைக்கு ஒரு வகை, பெண் பிள்ளைக்கு ஒரு வகை. ஒவ்வொருவர் காலையும் அளந்து தருவதில்லை. திட்டத்தைக் குறை சொல்ல மாட்டேன், எத்தனையோ பெண் பிள்ளைகளைப் பள்ளியில் நிறுத்திய வண்டி அது. வீட்டுக்கு வந்ததும் ஒரு ஸ்பேனரை எடுத்து சீட்டையும் ஹேண்டிலையும் பிள்ளைக்கு ஏற்றபடி வையுங்கள், அவ்வளவுதான். பார் இல்லாத ஃப்ரேமைப் 'பொம்பளை சைக்கிள்' என்று ஒதுக்குகிற ஆண்களுக்கும் ஒரு வார்த்தை: வேட்டி கட்டி, கேரியரில் மூட்டை வைத்துப் போகிறவருக்கு அதைவிட வசதியான வண்டி கிடையாது.

ஆன்லைனில் வாங்குகிறவர்களுக்கு இரட்டை உஷார். 85 சதவீதம் பூட்டியே வரும் என்பார்கள். மிச்சத்தைப் பூட்டும்போது நிறையப் பேர் முன் ஃபோர்க்கைத் திருப்பி மாட்டிவிடுகிறார்கள். ஓடுகிறதே என்று நினைக்காதீர்கள். முன்வீல் உங்கள் காலை நோக்கி நெருங்கி வந்துவிடும், ஹேண்டிலின் போக்கே மாறிவிடும். ஃபோர்க்கின் வளைவு முன்னோக்கி இருக்கிறதா, டிஸ்க் பிரேக் என்றால் முன்வீலில் அது உங்கள் இடது கைப் பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். மாறியிருந்தால் சரிசெய்யும் வரை ஏறவே வேண்டாம், தள்ளிக்கொண்டு கடைக்குப் போங்கள்.