பன்னிரண்டு வீடு, பன்னிரண்டு காப்பி



பாஸ்கா காலத்தில் ஒருநாள், காலைமுதல் மாலைவரை பன்னிரண்டு வீடுகளை மந்திரித்தேன். "சாமி, ஒரு வாய் காப்பியாவது குடிங்க" என்று எல்லா வீட்டிலும் கேட்டார்கள். மறுக்க மனம் வரவில்லை. டம்ளருக்கு இரண்டு தேக்கரண்டி சீனி என்றால், மொத்தம் 24 தேக்கரண்டி. அதாவது ஏறத்தாழ 100 கிராம்! அப்படியும் இரவில் அகோரப் பசி. இவ்வளவு இனிப்பு உள்ளே போயும் பசி ஏன் அடங்கவில்லை?

காரணம் எளிது. கரைந்த சீனியை மெல்ல வேண்டியதில்லை. அது விரைவாக இரத்தத்தில் கலக்கிறது. அதைச் சமாளிக்க இன்சுலின் மிகுதியாகச் சுரக்கிறது. ஏறிய சர்க்கரை வேகமாக இறங்குகிறது. சிலருக்கு மீண்டும் பசிக்கிறது.

நார்ச்சத்து இதற்கு நேர்மாறானது. அதை மென்று தின்ன நேரமாகும். சிலவகை நார் வயிற்றில் கூழ்போல் ஆகி, சர்க்கரை இரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். வயிறும் நிறைந்திருக்கும்.

1977-இல் இங்கிலாந்தில் பத்துப் பேருக்கு ஆப்பிளை முழுப்பழமாகவும், மசித்தும், நார் நீக்கிய சாறாகவும் கொடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரையின் அளவு ஒன்றுதான். ஆனால் முழுப்பழமே வயிற்றை அதிகம் நிறைத்தது. சாறு குடித்தபின் இன்சுலின் கூடுதலாகச் சுரந்தது.

உலகச் சுகாதார நிறுவனம், சேர்க்கப்படும் சர்க்கரை ஒரு நாளின் ஆற்றலில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருக்க வேண்டும் என்கிறது. சராசரியாக அது 12 தேக்கரண்டி. அதில் பாதியானால் இன்னும் நல்லது. நான் அன்று குடித்தது அதைப்போல் இரு மடங்கு! நார்ச்சத்தோ பெரியவர்களுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராம் வேண்டும்.

"நான் கருப்பட்டிதானே போடுகிறேன்" என்று தேறுதல் கொள்ளாதீர்கள். கருப்பட்டியும், தேனும், வடிகட்டிய பழச்சாறும் சர்க்கரைக் கணக்கில்தான் சேரும். கொய்யாவைக் கடித்துத் தின்னுங்கள். பிள்ளைகளுக்குக் கலருக்குப் பதில் சுண்டல் கொடுங்கள். கீரை, அவரை, கம்பு, கேழ்வரகு ஆகியவற்றைத் தட்டில் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். திடீரென்று கூட்டினால் வயிறு உப்பும். தண்ணீரும் போதிய அளவு குடியுங்கள். சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்டே உணவை மாற்ற வேண்டும்.

அடுத்தமுறை நான் வரும்போது உப்புப் போட்ட மோர் ஒரு டம்ளர் போதும். உங்கள் அன்பு அதில் ஒரு துளியும் குறையாது. வீட்டுக்கு வரும் மற்ற விருந்தினரிடமும், சீனி போடுமுன் ஒரு வார்த்தை கேளுங்கள். வேண்டாம் என்று சொல்லக் கூச்சப்படுகிறவர்கள் பலர். நானும் அவர்களில் ஒருவன்.