தொடக்கப்பள்ளியில் புதிய ஆசிரியரும் பாட அமைப்பும்

திருச்சபைகளின் நிர்வாகத்திலுள்ள உதவிபெறும் தொடக்கப்பள்ளிகளுக்கு நம்மில் பலர் தாளாளராகப் பொறுப்பேற்க நேரிடுகிறது. இறையியல் மாணவரோ ஓய்வுநாள் பள்ளிகளில் சிறுவர்க்குக் கற்பிக்கின்றனர். கட்டடம், ஊதியம், பதிவேடுகள் ஆகியவற்றைக் குறித்து நாம் அடிக்கடி ஆலோசிக்கிறோம். நாற்பது நிமிட நேரப் பாடம் ஒன்று எங்ஙனம் அமைய வேண்டும் என்பதை ஆலோசிப்பதோ அரிது. பட்டயப் பயிற்சி முடித்து முதன்முறையாக வகுப்பறைக்குள் நுழையும் இளம் ஆசிரியருக்கு மிகவும் தேவைப்படும் உதவி இதுவே. ஆகவே பெரம்பலூர் மாவட்டம், வேப்பந்தட்டை வட்டத்தில், பச்சைமலைக்கு அருகே அமைந்துள்ள பூலாம்பாடியை மனத்திற்கொண்டு இப்பொருளை ஆராய்வோம்.

1. பிரச்சினையின் தன்மை

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, அறுபது பிள்ளைகள் வரையுள்ள தொடக்கப்பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள் போதும். ஆனால் வகுப்புகளோ ஐந்து. எனவே சிற்றூர்ப் பள்ளியில் ஓர் ஆசிரியர் இரண்டு அல்லது மூன்று வகுப்புகளை ஒரே அறையில் வைத்து நடத்த வேண்டியவராகிறார். மேலும் தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு வரை எந்தப் பிள்ளையும் நிறுத்திவைக்கப்படுவதில்லை. இவ்விதி குழந்தையின் நன்மைக்கானதே. எனினும் எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளை ஆண்டுதோறும் அடுத்த வகுப்புக்குச் சென்றுகொண்டிருந்தால், அதன் இழப்பு பல ஆண்டுகள் கழித்தே வெளிப்படும். அப்பொழுது அப்பிள்ளை, 'படிப்பு எனக்கு வராது' என்று தானே தீர்ப்பிட்டிருக்கும். இத்தீர்ப்பு பெரும்பாலும் முதல் மூன்று வகுப்புகளிலேயே உள்ளத்தில் எழுதப்பட்டுவிடுகிறது. பாடம் மனத்தைக் கவர வேண்டும் என்று நாம் வற்புறுத்துவது இதனாலேயே.

2. நம் நாட்டின் முன்மாதிரிகள்

1706ஆம் ஆண்டு தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு ஐயர், தமிழ் கற்கும்பொருட்டுப் பிள்ளைகளோடு அமர்ந்து மணலில் விரலால் எழுதினார். 1789ஆம் ஆண்டு சென்னை எழும்பூரிலிருந்த ஆண் அநாதைப் பிள்ளைகள் இல்லத்தின் கண்காணிப்பாளரான குருவானவர் ஆண்ட்ரூ பெல், நாட்டுப் பள்ளியொன்றில் சிறுவர் மணலில் எழுதிப் படிப்பதைக் கண்டு அம்முறையைத் தம் இல்லத்தில் புகுத்த விரும்பினார். உதவியாசிரியர்கள் இணங்காதபோது, சிறுவன் ஒருவனையே சிறியவர்களுக்கு அகரவரிசை கற்பிக்க அமர்த்தினார். அது பயனளித்தது. 1797இல் இலண்டனில் அவர் வெளியிட்ட அறிக்கையால் இது 'சென்னை முறை' என்று பெயர் பெற்றுப் பல நாடுகளுக்குப் பரவியது. நம் திண்ணைப் பள்ளியின் சட்டாம்பிள்ளைக்கு இச்செய்தி புதிதன்று. ஆனால் நூற்றுக்கணக்கான சிறுவரை ஒரே கூடத்தில் அடைத்து ஒப்பிக்கச் செய்யும் இயந்திரமாக அம்முறை மாறியபோது அதன் உயிர் போயிற்று. ஒரு முறையை எடுத்துக்கொள்வது எளிது. அதன் உயிரைக் காப்பதே கடினம்.

நம் பகுதியிலிருந்தே மற்றொரு சான்று கூறலாம். உ. வே. சாமிநாதையர் இளமையில் அரியலூரில் சடகோபையங்காரிடம் பயின்றார். தமக்குத் தமிழில் சுவை உண்டாகச் செய்தவர் அவரே எனப் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். அந்தச் சுவையே பின்னர் ஏடுகளைத் தேடி அவரை ஊர் ஊராக நடக்க வைத்தது.

3. அண்மைக்கால முயற்சிகள்

2003ஆம் ஆண்டு சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கப்பட்டது. ஆந்திர மாநிலம் ரிஷிவேலியில் உருவான முறையே அதற்கு அடிப்படை. ஆசிரியர் நாற்காலியை விட்டுத் தரையில் குழந்தைகளோடு அமர்ந்தார். சுவரின் அடிப்பகுதியில் குழந்தையின் கைக்கு எட்டும் கரும்பலகைகள் அமைந்தன. குழந்தை தன் நிலைக்கேற்ற அட்டையைத் தானே எடுத்துப் பயின்றது. 2007-08ஆம் கல்வியாண்டில் இது மாநிலம் முழுவதும் விரிவுபடுத்தப்பட்டது. நோய்த்தொற்றினால் பள்ளிகள் நெடுங்காலம் மூடப்பட்டிருந்த பின்னர், 2022இல் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்னும் மூன்று நிலைகளில் குழந்தைகளைப் பிரித்துக் கற்பிப்பது இதன் வழி. இவ்விரண்டும் வலியுறுத்தும் உண்மை ஒன்றே: ஒரே வகுப்பில் இருப்போர் ஒரே நிலையில் இருப்பதில்லை.

4. பூலாம்பாடி வகுப்பறையில் ஒரு பாடம்

பெரம்பலூர் மாவட்டத்தின் முதன்மைப் பயிர்களுள் மக்காச்சோளம் ஒன்று. அறுவடைக் காலத்தில் கதிரைக் கொண்டு வரும்படி சொன்னால் பிள்ளைகள் மறுநாளே கொண்டு வருவர். அதனைக் கொண்டு ஒற்றை எண், இரட்டை எண் பாடத்தை அமைத்துப் பார்ப்போம்.

முதலாவது, நோக்கம். பாடக்குறிப்பேட்டில் 'இரட்டை எண்ணை விளக்குதல்' என்று எழுதினால் அது ஆசிரியரின் செயல். 'பொருள்களை இரண்டிரண்டாகச் சேர்த்து, எண் இரட்டையா ஒற்றையா என்று குழந்தை கூறும்' என்று எழுதினால் அது குழந்தையின் செயல். பாடம் பலித்ததா என்பதை இரண்டாவதைக் கொண்டே அறிய முடியும்.

இரண்டாவது, வினா. மட்டை உரித்த கதிரைக் காட்டி, 'இதைச் சுற்றி எத்தனை வரிசை மணிகள் இருக்கும்?' என்று ஆசிரியர் கேட்கட்டும். ஒவ்வொருவரும் ஓர் எண்ணை ஊகித்துச் சிலேட்டில் எழுதட்டும். ஊகித்த பிள்ளை விடையை அறிய ஆவல் கொள்ளும். ஆவல் பிறந்தபின் அமைதி காக்கச் சொல்லி அதட்ட வேண்டியதில்லை.

மூன்றாவது, செயல். இருவருக்கு ஒரு கதிர். தொடங்கும் வரிசையில் மையால் ஒரு புள்ளி வைத்து, கதிரைச் சுற்றி எண்ண வேண்டும். நுனியில் வரிசை கலைந்திருக்குமாதலால் நடுப்பகுதியில் எண்ணுவது நலம். கிடைத்த எண்களை ஆசிரியர் கரும்பலகையில் எழுதுகிறார்: 12, 14, 16, 14. எவரேனும் 13 என்றால், தவறு என்று சொல்லாமல் மற்றொரு சோடியிடம் அக்கதிரைக் கொடுத்து எண்ணச் சொல்ல வேண்டும். கதிரின் பூக்கள் இணையிணையாகத் தோன்றுவதால் மணிவரிசைகள் இரட்டைப்படையாகவே அமைகின்றன. இவ்வியப்பை ஆசிரியர் முந்திக்கொண்டு சொல்லிவிடலாகாது. 'இவ்வெண்களைப் பார்த்தால் என்ன தோன்றுகிறது?' என்று கேட்டுக் காத்திருக்க வேண்டும். புதிய ஆசிரியருக்கு மிகவும் கடினமான பயிற்சி இக்காத்திருப்பே.

நான்காவது, நிலைக்கேற்ற பணி. இன்னும் எண்ணத் தடுமாறுவோர் உதிர்த்த மணிகளை இரண்டிரண்டாக அடுக்கட்டும். எண்ணத் தெரிந்தோர் தங்கள் கதிரின் எண்ணையும் அதற்கு அடுத்த எண்ணையும் எழுதி, எது மீதமின்றிச் சோடி சேர்கிறது என்று காணட்டும். விரைந்து முடித்தோர், இரண்டு ஒற்றை எண்களைக் கூட்டினால் என்ன வரும் என்று மணிகளைக் கொண்டே கண்டுபிடிக்கட்டும். பொருள் ஒன்று, பணி மூன்று. பல வகுப்புகள் கூடிய அறையிலும் இது இயலும்.

ஐந்தாவது, சோதனை. இறுதி ஐந்து நிமிடங்களில் கதிரை எடுத்து வைத்துவிட்டு, 'பதினேழு பிள்ளைகள் சோடி சேர்ந்தால் ஒருவர் தனித்து நிற்பாரா?' என்று வினவ வேண்டும். எல்லாரும் ஒரே குரலில் விடை கூறினால் ஆசிரியர் எதையும் அறிய முடியாது. ஒவ்வொருவரும் சிலேட்டில் எழுதிக் காட்ட வேண்டும்.

5. தவிர்க்க வேண்டியவை

விளையாட்டு நடந்ததனாலேயே பாடம் நடந்துவிட்டது என்று எண்ணுதல் முதற் பிழை. குழந்தைகள் சிரித்தார்கள் என்பதைவிட, எதைக் கற்றார்கள் என்பதே கேள்வி. விளக்குவதற்கு முன்னமே பொருள்களைக் கையில் கொடுத்துவிடுதல் இரண்டாம் பிழை. கையில் கதிர் இருக்கும்போது எவர் செவியும் ஆசிரியரிடம் இராது. முன்வரிசைப் பிள்ளை நால்வரின் விடையை வகுப்பின் விடையாகக் கொள்ளுதல் மூன்றாவது. இதுவே மிகக் கேடானது. பின்வரிசைப் பிள்ளை நாள்தோறும் மௌனமாகத் தன் தீர்ப்பை எழுதிக்கொண்டிருக்கும்.

முடிவாக

தாளாளராகப் பள்ளிக்குச் செல்லும் நாம், வருகைப் பதிவேட்டில் கையொப்பமிட்டுத் திரும்புவதோடு நில்லாமல், பின்வரிசையில் ஒரு பாடவேளை அமர்ந்திருப்போமாக. குறை காண்பதற்காக அன்று. 'இன்று எந்தப் பிள்ளைக்கு இது எட்டவில்லை? நாளை அப்பிள்ளைக்கு என்ன செய்யலாம்?' என்னும் இரண்டு வினாக்களைப் புதிய ஆசிரியரோடு சேர்ந்து சிந்திப்பதற்காக. இவ்வினாக்களை நாள்தோறும் தமக்குள் கேட்கப் பழகிய ஆசிரியர், சில ஆண்டுகளில் எந்த ஊரிலும் எந்தப் பொருளைக் கொண்டும் பாடம் அமைக்கும் திறம் பெறுவார்.