ரேடியேட்டர் தண்ணீர் எங்கே போகிறது?

சுங்கை பூலோ சுற்றுவட்டாரத் தோட்டக் குடும்பங்களில், 1985இல் வெளிவந்த முதல் புரோட்டோன் சாகாவையும் 1994இல் வந்த பெரோடுவா கஞ்சிலையும் பேணி வைத்திருப்போர் இன்றும் இருக்கக்கூடும். இத்தகைய பழைய வண்டிகளுக்கு வரும் பெருந்தொல்லை, இஞ்சின் சூடேறிக் கொதிப்பதாகும். நாள்தோறும் ரேடியேட்டரில் ஒரு போத்தல் தண்ணீர் ஊற்றிப் புறப்படுவோர் நோயைத் தீர்க்கவில்லை, ஒத்திப்போடுகின்றனர். மூடியிட்ட ரேடியேட்டரில் தண்ணீர் நாள்தோறும் குறையாது. குறைந்தால், அது வெளியேற எங்கோ வழியுண்டு.

எப்பொழுது சூடேறுகிறது என்பதை முதலிற் கவனிக்க வேண்டும். கோலாலம்பூர் செல்லும் காலை நெரிசலில் ஊரும்போது முள் ஏறி, வேகம் கூடியதும் இறங்குமானால், குற்றம் பெரும்பாலும் விசிறியில் இருக்கும். அதன் மோட்டாரோ ஃபியூசோ சுவிட்சோ கெட்டிருக்கலாம். மாறாக, நெடுஞ்சாலையிலும் மலையேற்றத்திலும் சூடேறினால், ரேடியேட்டருக்குள் துரு அடைத்திருக்கலாம், தண்ணீர் குறைந்திருக்கலாம், தெர்மோஸ்டாட் திறவாமல் சிக்கியிருக்கலாம். வெப்ப நாட்டில் தெர்மோஸ்டாட் எதற்கு என்று அதனைக் கழற்றி எறிவோர் உண்டு. அது தவறான வைத்தியம். இஞ்சின் தனக்குரிய சூட்டை எட்டாமல் பெட்ரோலை வீணாக்கும், விரைவில் தேயும்.

ஒழுக்கைக் காண, இரவில் வண்டியின் அடியில் அட்டைத் தாளை விரித்து வையுங்கள். ஏர்கோண்டிலிருந்து சொட்டுவது நிறமற்ற நீர். அதற்கு அஞ்ச வேண்டா. பச்சை அல்லது சிவப்பு நிறக் கறை விழுந்தால் அது கூலன்ட். அது இனிப்பான நஞ்சு. குழந்தைகளும் நாய்களும் நாடாதபடி உடனே கழுவி விடுங்கள். கறை பெல்ட்டுப் பக்கம் இருந்தால், தண்ணீர்ப் பம்பின் அடியிலுள்ள சிறு துளையைப் பாருங்கள். உள்ளிருக்கும் சீல் தேய்ந்தால் அத்துளை வழியே நீர் கசியும்.

இஞ்சின் ஆறியபின் ரப்பர் குழாய்களை அழுத்திப் பாருங்கள். வெடிப்பும் வீக்கமும் இருந்தால் மாற்ற வேண்டியதுதான். பால்மரம் வெட்டிப் பழகிய கைகளுக்கு இது எளிதில் புலப்படும். ஆயினும், இக்குழாய்கள் பெரும்பாலும் நம் மரத்து ரப்பரால் ஆனவை அல்ல. சுங்கை பூலோவில் ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் பல்லாண்டுகள் சோதனைத் தோட்டம் நடத்தியதை அறிவீர்கள். அம்மரங்களின் ரப்பர் டயருக்கு மிக உகந்தது. ஓயாத கொதிநீர்ச் சூட்டை நெடுநாள் தாங்காது. ஆகவே இ.பி.டி.எம். எனும் செயற்கை ரப்பரைப் பயன்படுத்துகின்றனர். அதற்கும் இஞ்சின் எண்ணெய் ஆகாது, பட்டால் ஊதிப்போகும்.

மூடியையும் மறந்துவிடாதீர்கள். அது ஏறத்தாழ 0.9 பார் அழுத்தத்தை உள்ளே நிறுத்துவதால், 100 பாகையில் கொதிக்க வேண்டிய நீர் ஏறத்தாழ 118 பாகை வரை கொதிப்பதில்லை. மூடியின் ரப்பர் நைந்தால் அப்பயன் போய்விடும். விலை குறைந்த பொருளாதலால் அதனை முதலில் மாற்றிப் பார்க்கலாம். ஆனால், சூடான இஞ்சினில் மூடியைத் திறக்கவே கூடாது. அழுத்தம் நீங்கிய கணமே கொதிநீர் பீறிட்டு முகத்தையும் கையையும் வேகவைத்துவிடும். வழியில் கொதித்தால் ஓரமாக நிறுத்தி, இஞ்சினை அணைத்து, மேல்குழாய் கைபொறுக்கும் அளவுக்கு ஆறும்வரை காத்திருங்கள். அரைமணிக்கு மேலும் ஆகலாம். அதற்குமுன் குளிர்நீர் ஊற்றினால் இஞ்சின் வெடிப்பு விடக்கூடும்.

வெளியே ஒழுக்கில்லை, தண்ணீரோ குறைகிறது என்றால், சிலிண்டர் ஹெட் கேஸ்கெட்டை ஐயுற வேண்டும். குளிர்ந்த இஞ்சினை மூடி திறந்த நிலையில் முடுக்கினால், ரேடியேட்டரில் ஓயாமல் குமிழிகள் எழும்; எண்ணெய் பால்கலந்த காப்பி போலாகும்; இஞ்சின் சூடேறிய பின்னும் வெண்புகை நில்லாது. இவற்றில் ஒன்று தென்பட்டாலும் வண்டியை ஓட்டாமல் பட்டறைக்கு இழுத்துச் செல்லுங்கள். அலுமினிய ஹெட் வளைந்துவிட்டால், கேஸ்கெட்டின் விலையோடு அதனைக் கடைந்து சமன்செய்யும் கூலியும் சேர்ந்துவிடும்.